சாமையும் மொச்சையும்: சேர்வராயன் மலையில் தாவர உணவின் கணக்கு

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர், காப்பித் தோட்டங்களின் ஊடே இறங்கி, கிளியூர்ப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. மழை ஓய்ந்த பிறகும் அந்த அருவியில் எத்தனை நாள் நீர் ஓடும் என்பது பெய்த மழையின் அளவை மட்டும் பொறுத்ததன்று. மேலே உள்ள சரிவுகளில் மரங்கள் நிற்கின்றனவா, மண் மூடிக் கிடக்கிறதா, என்ன பயிர் விளைகிறது என்பவற்றையும் பொறுத்தது. என்ன பயிர் விளைகிறது என்பதோ, மலையில் வாழ்பவர்களும் சமவெளியில் வாழ்பவர்களும் எதை உண்கிறார்கள், எதற்கு விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தாவர உணவு நிலத்துக்கு என்ன செய்கிறது, உடலுக்கு என்ன செய்கிறது என்ற இரு கேள்விகளையும் ஒரே இடத்தில் வைத்து ஆராய்வதற்குச் சேர்வராயன் மலையைப்போல் பொருத்தமான களம் தமிழகத்தில் குறைவு.

சைவ உணவைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் இறைச்சி உண்ணலாமா, கூடாதா என்ற கேள்வியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி உண்மை நிலையை மறைத்துவிடும் கேள்வியாகவே இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அமைப்புக் கணக்கெடுப்பின்படி, இம்மாநிலத்தில் 15 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் புலால் உண்பவர்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோரின் வார நாட்களில் தட்டை நிரப்புவது அரிசிச் சோறும் குழம்பும் சிறிது காயும்தான். மீனோ முட்டையோ இறைச்சியோ சில நாட்களில் சிறிதளவு வந்து சேர்கிறது. கொள்கையால் சைவராக இல்லாதவர்களும் நடைமுறையில் பெரிதும் தாவர உணவையே உண்டு வாழ்கிறார்கள் என்பதால், அந்தத் தாவர உணவு எத்தகையது, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதே முதலில் கேட்கப்பட வேண்டியது.

சேர்வராயன் மலையின் பழங்குடியினர், அரசுப் பட்டியலில் மலையாளி என்று குறிக்கப்படுபவர்கள், தமிழ் பேசுபவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. கேரளத்து மலையாளிகளுடன் இவர்களைச் சேர்த்து எண்ணுதல் பிழை. இவர்கள் சைவர்கள் அல்லர். விழாவிலும் விருந்திலும் ஆடும் கோழியும் உண்டு. எனினும் ஆண்டு முழுவதும் அடுப்பில் வெந்தவை சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கூழ், மொச்சை அல்லது துவரைக் குழம்பு, காட்டோரத்தில் பறித்த கீரை ஆகியவையே. ஏர் போக முடியாத செங்குத்தான சரிவுகளைக் கொத்தால் கொத்திப் பயிரிடும் கொத்துக்காட்டிலும், ஓரளவு சமமான உழவுக்காட்டிலும், சாமை, தினை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களோடு அவரை, மொச்சை, துவரை, கொள்ளு போன்ற பயறு வகைகளைக் கலந்தோ மாற்றி மாற்றியோ விதைப்பது மலைநாட்டு வேளாண்மையின் அடிப்படை வழக்கம்.

இந்தக் கலப்புக்கு ஆழ்ந்த காரணம் உண்டு. பயறு வகைச் செடிகளின் வேர்களில் சிறு முடிச்சுகள் காணப்படும். அவற்றுக்குள் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. அறுவடைக்குப் பின் வேரும் தழையும் மண்ணில் மட்கும்போது அந்த நைட்ரஜனின் ஒரு பகுதி அடுத்துவரும் தானியப் பயிருக்குக் கிடைக்கிறது. உர மூட்டையில் வரும் நைட்ரஜனோ தொழிற்சாலையில் பெரும் எரிபொருள் செலவில் உருவாக்கப்படுவது. வயலில் இட்ட பிறகு அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாக மாறி வெளியேறுகிறது, அந்த வாயுவின் புவியைச் சூடாக்கும் ஆற்றல் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு. படரும் மொச்சைக்கொடி சரிவின் மண்ணை மூடி மழைத்துளியின் அடியைத் தாங்குவதும், ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுப்பதும் இதே ஏற்பாட்டின் பயன்கள். வயலில் தானியத்துக்குத் துணை நின்ற பயறு, தட்டிலும் தானியத்தின் குறையை நிரப்பியது. எனவே நிலத்தின் சமநிலையையும் உடலின் சமநிலையையும் இம்மலையில் ஒரே விதைப்பு காத்துவந்தது என்று கூறுவது மிகையாகாது.

மாற்றம் காப்பியுடன் தொடங்கியது. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியையும் பேரி முதலிய பழமரங்களையும் அறிமுகப்படுத்தினார். அடுத்த தலைமுறைகளில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் காட்டின் பெரும் பகுதியைத் தோட்டமாக்கினர். நிழல்மரங்களின் கீழ் வளர்க்கப்படும் இம்மலையின் காப்பி, வெட்டவெளியில் வளர்க்கப்படும் காப்பியைவிடப் பறவைகளுக்கும் மண்ணுக்கும் நன்மையானது என்பது உண்மை. ஆனால் பல தோட்டங்களில் நாட்டு மரங்களின் இடத்தை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரங்கள் பிடித்துக்கொண்டன. அவை மிளகுக்கொடி ஏறவும் மரமாக விற்கவும் வசதியானவை. தோட்டக்கூலி பணமாகக் கிடைக்கத் தொடங்கியபின், விதைத்து, காவல்காத்து, அறுத்து, குத்தி உண்ணும் சாமையைவிடக் கடையில் வாங்கும் அரிசி எளிதாயிற்று. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடை அரிசி விலையின்றி வழங்கப்படுவதால் பசி பெருமளவு அகன்றது. இந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது அறமாகாது. ஆனால் அதே அரிசி, சிறுதானியம் பயிரிடுவதற்கான கடைசிக் காரணத்தையும் பல குடும்பங்களிடமிருந்து எடுத்துவிட்டது. அண்டையிலுள்ள நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் இதே வேலையை மரவள்ளிக் கிழங்கும் சேர்ந்து செய்தது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் கிழங்கு கைமேல் பணம் தந்ததால் சாமைக் காடுகள் மரவள்ளிக் காடுகளாயின.

இவ்வாறு மாறிய தட்டிலும் இருப்பது தாவர உணவுதான். களி இருந்த இடத்தில் சோறு, மொச்சைக் குழம்பு இருந்த இடத்தில் நீர்த்த சாம்பாரோ ரசமோ, கீரை இருந்த இடத்தில் ஊறுகாய், இடைவேளைகளில் சர்க்கரை கலந்த காப்பியும் பிஸ்கட்டும். சைவம், அசைவம் என்ற அளவுகோலால் இந்த வேறுபாட்டைக் காணவே முடியாது. சுற்றுச்சூழல், ஊட்டம் என்ற இரு அளவுகோல்களாலும் பார்த்தால் வேறுபாடு மிகப் பெரிது.

சுற்றுச்சூழல் கணக்கை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஜோசஃப் பூர், தாமஸ் நெமெச்செக் என்னும் ஆய்வாளர்கள் 119 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, மனிதச் செயல்களால் வெளியாகும் பசுமை இல்ல வாயுக்களில், அதாவது வெப்பத்தைப் பிடித்துவைத்துப் புவியைச் சூடாக்கும் வாயுக்களில், ஏறத்தாழ 26 விழுக்காடு உணவு உற்பத்தியிலிருந்து வருவதாகக் கணித்தது. உலக வேளாண் நிலத்தில் 83 விழுக்காட்டைப் பயன்படுத்தும் இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவை மனிதருக்குக் கிடைக்கும் புரதத்தில் 37 விழுக்காட்டையும் ஆற்றலில் 18 விழுக்காட்டையும் மட்டுமே தருகின்றன. 100 கிராம் புரதம் பெறுவதற்கு வெளியாகும் வாயுவின் உலகச் சராசரி, இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் மாட்டின் இறைச்சிக்கு ஏறத்தாழ 50 கிலோ, பட்டாணிக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் தீனி நொதிக்கும்போது உண்டாகும் மீத்தேன் இதற்கு முக்கியக் காரணம். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடாக்கும் ஆற்றல் உடையது.

இதே ஆய்வில் சைவ உணவினர் கவனத்துடன் படிக்க வேண்டிய வேறு எண்களும் உள்ளன. 100 கிராம் புரதத்துக்குக் கோழி இறைச்சியின் சராசரி ஏறத்தாழ 6 கிலோ, முட்டைக்கு 4 கிலோ. பாலுக்கோ 9 கிலோவுக்கு மேல், பாலாடைக்கட்டிக்கு ஏறத்தாழ 11 கிலோ. சுற்றுச்சூழலை எண்ணிக் கோழியைக் கைவிட்டுப் பாலாடைக்கட்டிக்கும் பனீருக்கும் மாறுபவர் அந்தக் கணக்கில் எதையும் மிச்சப்படுத்துவதில்லை. மொச்சைக்கும் பயறுக்கும் மாறுபவரே மிச்சப்படுத்துகிறார். இவை உலகச் சராசரிகள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வைக்கோலையும் காட்டுப் புல்லையும் தின்று, சரிவுக் காட்டுக்கு எருவும் குடும்பத்துக்கு ஒரு படி பாலும் தரும் மலைமாடு, தீவனத்துக்கென்றே விளைநிலத்தை விழுங்கும் பெரும்பண்ணை மாட்டுடன் ஒப்பிடத் தக்கதன்று. மலைநாட்டு மாட்டை எருவுக்காக மதிப்பதா, புள்ளிவிவரத்துக்காகப் பழிப்பதா என்று கேட்டால், முன்னதே நியாயம்.

தாவரம் என்பதனாலேயே ஒரு பொருள் சுமையற்றதாகிவிடுவதும் இல்லை. நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில், காற்றுப் புகாத நிலையில், நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் 8 முதல் 10 விழுக்காடு வரை நெல்வயல்களிலிருந்து வருவதாக மதிப்பிடப்படுகிறது. மானாவாரியில், அதாவது பாசனமின்றி மழையை மட்டும் நம்பி விளையும் சாமைக்கும் கேழ்வரகுக்கும் இந்தச் சுமை இல்லை. கைல் டேவிஸ் முதலியோர் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இந்தியாவின் ஒவ்வொரு மாவட்டத்திலும் நெல்லுக்குப் பதிலாக அங்கு மிகக் குறைந்த நீரில் விளையும் சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் போன்றவற்றைப் பயிரிட்டால், பாசன நீர்த் தேவை 33 விழுக்காடு குறைந்து, கிடைக்கும் இரும்புச்சத்து 27 விழுக்காடும் துத்தநாகம் 13 விழுக்காடும் உயரும் என்று கணக்கிட்டது. மலையேறி வரும் அரிசி மூட்டைக்கான லாரிச் செலவு பெரிதாகத் தோன்றினாலும், உணவின் மொத்த வாயு வெளியீட்டில் போக்குவரத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பொருள் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பதைவிட அது எவ்வாறு விளைந்தது என்பதே முதன்மையானது.

இனி ஊட்டம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு கூறுகள் கோத்து அமைந்த பொருள். அவற்றுள் ஒன்பதை உடல் தானே உருவாக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்துதான் பெற வேண்டும். அரிசியிலும் சிறுதானியங்களிலும் லைசின் என்ற கூறு குறைவு. பயறுகளில் லைசின் மிகுதி, ஆனால் மெத்தியோனின் என்ற கூறு குறைவு. களியும் மொச்சையும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டும் என்ற பழைய கருத்து இன்று வலியுறுத்தப்படுவதில்லை. ஒரு நாளுக்குள் இரண்டும் உண்ணப்பட்டால் போதுமானது. 100 கிராம் மொச்சையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு; அதே அளவு தீட்டிய அரிசியில் சுமார் 8 கிராம், சாமையில் சுமார் 10 கிராம். சாமைக்கும் அரிசிக்கும் இடையே புரதத்தில் வேறுபாடு சிறிதே என்பதையும், மொச்சை இல்லாத குறையைச் சாமையால் மட்டும் தீர்க்க இயலாது என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன. சிறுதானியத்தைப் போற்றும் இன்றைய எழுத்துகள் பலவும் இந்த இடத்தில் தவறிவிடுகின்றன. மலைத்தட்டின் வலிமை தானியத்தில் மட்டும் இல்லை, தானியமும் பயறும் சேர்ந்த சேர்க்கையில் இருக்கிறது.

சிறுதானியத்தின் உண்மையான சிறப்பு வேறு. சாமையின் நார்ச்சத்து தீட்டிய அரிசியினுடையதைப்போல் இருமடங்குக்கு மேல். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. அரிசியில் 10 மில்லிகிராம்கூட முழுமையாக இல்லை. இரும்புச்சத்தைப் பற்றிய கூற்றுகளில்தான் எச்சரிக்கை தேவை. சாமையில் 9 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருப்பதாகப் பழைய அட்டவணைகளிலிருந்து இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுக் கலவை அட்டவணையோ அதை 1.3 மில்லிகிராமுக்கும் குறைவாகக் காட்டுகிறது. எனவே இரத்தசோகைக்குச் சாமை மருந்து என்று விளம்பரப்படுத்துவது நோயுற்றவர்களுக்குத் தீங்கிழைப்பதாகும்.

இரும்பைப் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் சிறு செய்தியன்று. 2019–21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. தாவரங்களில் உள்ள இரும்பு, இறைச்சியிலுள்ள இரும்பைப்போல் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை; தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள ஃபைட்டிக் அமிலம் அதைப் பிணைத்து வைத்துக்கொள்கிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகிய மூன்றும் அந்தப் பிணைப்பைத் தளர்த்துபவை. முளைகட்டிய கேழ்வரகுமாவும் இரவு முழுதும் புளித்த கூழும் இட்லி மாவும் இந்த வகையில் அறிவு நிறைந்த ஆயத்தங்கள். உணவோடு சேரும் வைட்டமின் சி இரும்பின் உறிஞ்சலைப் பெருக்குகிறது. ஏற்காட்டுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் அது உள்ளது.

காப்பி விளையும் மலையில் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. உணவோடு ஒரு கோப்பை காப்பி அருந்தினால் இரும்பின் உறிஞ்சல் ஏறத்தாழ 39 விழுக்காடும், தேநீர் அருந்தினால் ஏறத்தாழ 64 விழுக்காடும் குறைந்ததை 1983இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு அருந்திய காப்பியால் இந்தக் குறைவு ஏற்படவில்லை. உண்டு ஒரு மணி நேரம் கழித்து அருந்திய காப்பியோ உணவோடு அருந்தியதற்கு ஒப்பாகவே தடுத்தது. காலைச் சிற்றுண்டியின் முடிவில் காப்பி என்பது தமிழகம் முழுவதும் ஊறிப்போன பழக்கம். தாவர உணவையே பெரிதும் நம்பும் பெண்களும் வளரும் பிள்ளைகளும் அந்தக் கோப்பையை உணவிலிருந்து விலக்கி வைப்பது, செலவே இல்லாத மருத்துவம்.

தாவர உணவால் எவ்வகையிலும் நிரப்ப முடியாத ஓர் இடமும் உண்டு. நரம்புகளுக்கும் இரத்த அணுக்களுக்கும் இன்றியமையாத வைட்டமின் பி12 நுண்ணுயிர்களால் மட்டுமே உருவாக்கப்படுவது. விலங்குகளின் உடலில் சேர்ந்து பால், முட்டை, மீன், இறைச்சி வழியாக மனிதருக்குக் கிடைக்கிறது. நாளொன்றுக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். 300 மில்லிலிட்டர் பாலில் கிடைப்பது அதில் ஏறத்தாழ பாதி. இட்லி புளிப்பதால் பி12 கிடைத்துவிடும் என்பதும் சுருள்பாசியில் அது நிறைந்துள்ளது என்பதும் நம்பத் தக்கவை அல்ல. பின்னதில் இருப்பதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். பாலும் முட்டையும் தவிர்க்கும் நனிசைவர்கள் பி12 மாத்திரையையோ அது செறிவூட்டப்பட்ட உணவையோ கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். நியாயவிலைக் கடைகளுக்கு வரும் செறிவூட்டப்பட்ட அரிசியில் இது கலக்கப்படுகிறது என்றாலும், விதிக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் மட்டுமே என்பதால், கால் கிலோ அரிசி உண்பவருக்குக் கிடைப்பது தேவையில் எட்டில் ஒரு பங்களவே. ஆண்டில் சில நாள் கிடைத்த கோழியும் அன்றாடம் கிடைத்த சிறிது பாலும் மலைக்குடும்பங்களுக்கு எவ்வளவு மதிப்புடையவையாக இருந்தன என்பது இதிலிருந்து விளங்கும்.

இவ்வளவு பொருத்தமான உணவு ஏன் கைவிடப்பட்டது என்ற கேள்விக்கு விலையும் அரிசியும் மட்டும் விடையல்ல. சாமை மணியின் உமி இறுகப் பற்றியது. அதைத் திருகையில் அரைத்தும் உரலில் குத்தியும் புடைத்தும் அரிசியாக்கும் வேலை முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது. ஒரு வேளைச் சோற்றுக்காக மணிக்கணக்கில் குத்திய பெண், நியாயவிலைக் கடை அரிசி வந்தபோது உலக்கையை மூலையில் சாய்த்தது முற்றிலும் நியாயமானது. மரபுணவை மீட்க வேண்டும் என்று நகரங்களில் பேசுபவர்கள் பலரும் இந்த உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மேற்கொண்ட பணியின் சிறப்பு இங்கேதான் உள்ளது: விதைகளைத் திரட்டிப் பாதுகாத்ததோடு நில்லாமல், உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களிலேயே அமைத்து, மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்து, விற்பனைக்கும் வழிசெய்தது. இயந்திரம் வந்த பின்புதான் சாமை மீண்டும் பேசத் தக்க பயிராயிற்று.

அரசின் பங்கில் தொடக்கம் நிகழ்ந்துள்ளது. ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023இல், நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. சேர்வராயன் மலைக்கும் இது நீள்வது நன்று. ஆனால் தானியத்தை மாற்றுவது பாதி வேலைதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், 2,000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பயறு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும் 35 கிராம், பால் 300 மில்லிலிட்டர் என்று வகுக்கிறது. நால்வர் அடங்கிய குடும்பத்துக்கு இதை மாதக் கணக்காக்கினால், 30 கிலோ தானியத்துக்கு 10 கிலோ பயறு என்றாகிறது. நியாயவிலைக் கடையில் அட்டைக்கு 20 கிலோவோ 35 கிலோவோ அரிசி கிடைக்கும்போது, 30 ரூபாய் விலையில் கிடைக்கும் துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோ. மூன்றுக்கு ஒன்று இருக்க வேண்டிய விகிதம் இருபதுக்கு ஒன்றாகவோ அதற்கும் கீழாகவோ கிடக்கிறது. மீதிப் பருப்பைச் சந்தை விலையில் வாங்க வேண்டிய தோட்டக்கூலிக் குடும்பம் முதலில் குறைத்துக்கொள்வது அதைத்தான். அந்த ஒரு கிலோவை மூன்றாக்கி, கூடுதல் இரண்டு கிலோவை மலை உழவர்களிடமிருந்தே மொச்சையாகவும் அவரையாகவும் கொள்ளாகவும் உரிய விலைக்குக் கொள்முதல் செய்தால், சரிவுகளில் கலப்புப் பயிர் மீண்டும் கட்டுப்படியாகும்; சேலம் மாவட்டப் பள்ளிகளின் சத்துணவுக்கும் விடுதிகளுக்கும் தேவைப்படும் பயறே அந்தக் கொள்முதலைத் தொடங்கி நடத்தப் போதிய அளவுடையது.